வீட்டுக் கம்ப்யூட்டரில் காசு விளையுமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசிய நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் 1994-ஆம் வருடத்து இயற்பியல் மாணவன். அந்த நாளில் நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் என்பது ஏ.சி. போட்ட ஒரு அறையில் இருந்த தெய்வம். செருப்பை வெளியே கழற்றி விட்டுத்தான் உள்ளே போகணும். பச்சை எழுத்து மின்னும் அந்தத் திரையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப்போனவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருப்பார்கள். அப்படிப்பட்டவன் மேல்மலையனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்துப் பிழைக்கிறேன் என்றால், கைபிடித்துக் கற்றுக் கொடுத்த கனவான்கள் பலர். அது வேறு கதை.

சங்கச் செயலாளர் போன் பண்ணி, "பசங்க எல்லாரும் கிரிப்டோ கிரிப்டோங்கறானுங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்லயே காசு எடுக்கலாமாமே, அதப்பத்திப் பேசுங்க" என்றார். பேசுகிறேன். இதைப் பற்றி என் கடையிலேயே ஒரு சம்பவம் நடந்து, கணக்கு நோட்டும் கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் விஷயம் என்ன என்று பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். பசங்க பொறுத்துக்கணும்.

நம் கிராமங்களில் முன்பு கர்ணம் இருந்தார். யார் நிலம் யாருக்கு, எவ்வளவு தீர்வை என்று அவர் நோட்டில் எழுதினால் எழுதினதுதான். 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆள் மாறினாலும் நோட்டு ஒருத்தர் கையில்தான். வங்கியும் அப்படித்தான். என் கணக்கில் இருக்கிற பணம் அவர்கள் நோட்டில் இருக்கிற ஒரு எண்.

2008 அக்டோபர் 31-ஆம் தேதி சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. அவர் சொன்னது இதுதான்: கர்ணமே வேண்டாம். நோட்டின் நகல் எல்லார் வீட்டிலும் இருக்கட்டும். அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். குலுக்கலில் ஜெயித்தவனுக்குப் புதிய காசு சன்மானம். 2009 ஜனவரி 3-இல் முதல் பக்கம் எழுதப்பட்டது. சன்மானம் 50 பிட்காயின்.

குலுக்கல் எப்படி? மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் கணக்கோடு ஏதோ ஒரு எண்ணையும் சேர்த்து மில்லில் போட்டால் ஒரு 'ஹாஷ்' வந்து விழும். ஒரே தானியத்தைப் போட்டால் ஒரே மாவு. ஒரு மணி மாறினாலும் மாவு அடியோடு மாறும். மாவைப் பார்த்துத் தானியத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. வருகிற மாவின் முன்னால் இத்தனை பூஜ்யம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. எண்ணை மாற்றி மாற்றி அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதைத்தான் 'மைனிங்' என்கிறார்கள், சுரங்கம் தோண்டுவதாம். எனக்கென்னவோ லாட்டரிச் சீட்டைச் சுரண்டுவது என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இலேயே நிறுத்தியாகிவிட்டது. இந்தச் சுரண்டல் இன்னும் நிற்கவில்லை.

ஒரு நுணுக்கம் முக்கியம். சுரண்டுகிற ஆட்கள் கூடினால் காசு கூடாது. பிட்காயினில் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான். ஆள் கூடக்கூட, 2016 பக்கத்துக்கு ஒருமுறை நிபந்தனையை இறுக்கிவிடுவார்கள். இருக்கிற ஒரே சோற்றுப் பானையை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்வது மாதிரி.

ஏன் இவ்வளவு மின்சாரத்தைக் கொட்டி இதைச் செய்யணும் என்று கேட்பீர்கள். நம்ம செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள், 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில்கூட ஏறிவிட்டது. முகலாயப் படை அதை 1690-இல் வளைத்தது, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. ராஜகிரியைப் பிடிக்கவே முடியாது என்பதில்லை. பிடிக்கிற செலவு கட்டாது என்பதுதான் அந்தக் கோட்டையின் பலம். இந்த நோட்டும் அப்படி. பழைய பக்கத்தைத் திருத்தணும்னா அதற்குப் பின்னால் வந்த அத்தனை பக்கத்தையும் திரும்ப அரைக்கணும். அந்தச் செலவுதான் மதில்.

ஆரம்பத்தில் நிஜமாகவே வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். 2010 மே 22-இல் அமெரிக்காவில் லாஸ்லோ ஹன்யெட்ஸ் என்பவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இன்று அதன் மதிப்பைச் சொன்னால் பீட்சா தொண்டையில் இறங்காது. வீடியோ கேம் ஆடுகிற கிராபிக்ஸ் கார்டில் அரைத்தால் வேகம் பல மடங்கு என்று காட்டியவர்களில் அவரும் முன்னோடி. 2013-இல் இதற்கென்றே பிறந்த 'ஏசிக்' மிஷின்கள் வந்தன. அதோடு வீட்டு பிராசசரின் கதை பிட்காயினில் முடிந்தது. சன்மானமும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது. இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் பிட்காயின் தோண்டுவது செஞ்சி மலையைக் கரண்டியால் குடைவது மாதிரி.

அப்போ பசங்க பேசறது எது? மொனேரோ. 2014 ஏப்ரலில் வந்த நாணயம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைப்பது இதன் குணம். இதை நடத்துகிறவர்கள் ஏசிக் மிஷின்களை உள்ளே விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்து, 2019 நவம்பர் 30-இல் ராண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறினார்கள். அதில் ஒரே மாதிரி அரைப்பது கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குட்டி புரோகிராம் உருவாகும், அதை ஓட்டிக் காட்டணும். இரண்டு ஜி.பி.க்கு மேல் ராம் வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் பிராசசருக்குள்ளேயே இரண்டு எம்.பி. கேஷ் வேண்டும். இது சாதாரண பிராசசர் நன்றாகச் செய்யக்கூடிய வேலை. பழைய ஐ3-யில் கேஷ் மூன்றே எம்.பி.தான், அதனால் வேகமாக ஓட்டினாலும் ஒரு இழைக்கு மேல் பிரயோசனம் இல்லை. இயற்பியல் துறைத் தம்பிகள் கவனிக்கணும், இங்கே கிகாஹெர்ட்ஸைவிடக் கேஷ் பெரிசு.

சரி, என் கடைக்கு வருகிறேன்.

2024 கோடைகாலம். எங்க ஊரை உங்களுக்குத் தெரியும். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வரும், அன்றைக்குக் கடையும் விடிய விடியத் திறந்திருக்கும். மற்ற நாளில் ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவேன். கடையில் ஆறு மிஷின். ஒன்று ஆறு கோர் உள்ள புதுசு, ஐந்து பழைய ஐ3. காலையில் வந்து தொட்டால் சி.பி.யு. பெட்டி சுடுகிறது. கோடைதானே, இந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் ராத்திரி பத்து மணிக்கும் சூடு கக்கும் என்று நினைத்தேன். ஆனால் விசிறி சத்தம்? மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்தேன். நூறு யூனிட்டுக்கு மேல் கூடுதல்.

கடையில் உதவிக்கு ஒரு தம்பி இருந்தான். நம் கல்லூரி இல்லை, வேறு கல்லூரியில் இரண்டாம் வருடம். கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "அண்ணா, ராத்திரியில சும்மாதானே கெடக்குது மிஷினு. மைனிங் போட்டேன். தங்கச்சிக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டணும்" என்றான். சாவி அவனிடம் இருந்தது. கடை சாத்தினதும் எக்ஸ்.எம்.ரிக் என்ற புரோகிராமை ஆறு மிஷினிலும் ஓட விட்டு, காலையில் நான் வருமுன் நிறுத்தியிருக்கிறான். இருபத்து மூன்று ராத்திரி.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பையன் திருடன் இல்லை, அது எனக்குத் தெரியும். அவன் கண்ணில் இருந்தது நம்பிக்கை. அதைத் திட்டித் தீர்க்க முடியாது, கணக்குதான் போடணும். "உக்காருடா" என்றேன். நோட்டை எடுத்தோம்.

புது மிஷின் வினாடிக்கு 6,500 ஹாஷ். பழசு ஐந்தும் தலா 900. மொத்தம் 11,000. பெரிசாத்தான் தெரிகிறது. உலகம் முழுக்க மொனேரோ அரைக்கிறவர்களின் வேகத்தை வினாடிக்கு 300 கோடி என்று வைத்துக்கொண்டோம், அப்போது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தது. மொனேரோவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 0.6 காசு. 2022 ஜூனிலிருந்து இந்த 0.6 மாறவே மாறாது என்று வைத்துவிட்டார்கள். ஆக ஒரு நாளைக்கு 720 பக்கம், 432 காசு. அதில் 300 கோடிக்குப் பதினோராயிரம் பங்கு, அதுவும் ராத்திரி பத்து மணி நேரம் மட்டும். ஒரு ராத்திரிக்கு 0.00066. இருபத்து மூன்று ராத்திரிக்கு 0.0152. காசு ஒன்று அப்போது சுமார் 13,000 ரூபாய். பெருக்கினோம். நூற்றுத் தொண்ணூற்றேழு ரூபாய்.

பையன் இரண்டு தரம் சரிபார்த்தான்.

அடுத்த பக்கம் மின்சாரம். புதுசு 120 வாட், பழசு தலா 70 வாட். மொத்தம் 470 வாட். பத்து மணி நேரத்துக்கு 4.7 யூனிட். இருபத்து மூன்று நாளுக்கு 108 யூனிட். கடைக்கு வணிகக் கட்டணம், அப்போது யூனிட் சுமார் ஒன்பதரை ரூபாய். 1,026 ரூபாய். ஆயிரம் ரூபாய் நோட்டை அடுப்பில் போட்டு இருநூறு ரூபாய்க்கு வெந்நீர் வைத்த கதை.

அந்த 197 ரூபாயாவது கைக்கு வந்ததா? தனி ஆள் ஜெயிக்க வருஷக்கணக்கு ஆகும் என்பதால் எல்லாரும் 'பூல்' என்ற கூட்டில் சேர்ந்து அரைத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள், நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி. அவன் சேர்ந்த கூட்டில் குறைந்தது 0.1 சேர்ந்தால்தான் எடுக்க முடியும். அவன் வேகத்துக்கு 151 ராத்திரி ஆகணும். ஆக, கையில் வந்தது பூஜ்யம்.

"சும்மா கிடக்கிற மிஷின்தானே" என்று அவன் சொன்னதை இங்கேயும் பலர் நினைக்கலாம். சும்மா கிடக்கிற பிராசசர் சும்மாவே கிடப்பதுதான் லாபம். வேலை இல்லாதபோது அது தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அதைத் தட்டி எழுப்பினால் மூன்று மடங்கு குடிக்கும்.

கடைக்குத்தான் இந்தக் கதி, வீட்டில் மின்சாரம் மலிவாச்சே என்று கேட்டான். அதையும் போட்டோம். அந்த ஒரு ஆறு கோர் மிஷினை வீட்டில் வைத்து இரவு பகலாக இரண்டு மாதம் ஓட்டினால் 173 யூனிட். நடுத்தரக் குடும்பம், ஏற்கெனவே 350 யூனிட் ஆகிறது என்று வையுங்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு இரண்டேகால் ரூபாய், பிறகு நாலரை. பில் 900 ரூபாய். இந்த 173-ஐச் சேர்த்தால் 523. ஐநூறைத் தாண்டியதும் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை போய்விடும். நூறுக்கு மேலேயே நாலரை, நானூறுக்கு மேல் ஆறு, ஐநூறுக்கு மேல் எட்டு. பில் 2,134. கூடுதல் 1,234 ரூபாய். மைனிங்கில் வருவது 730 ரூபாய். அதற்கப்புறம் கட்டணம் ஏறியும் இருக்கிறது.

அந்த 730-க்கும் வரி உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நேராக 30 சதவீதம், மேலே செஸ். மின்சாரச் செலவு, மிஷின் செலவு எதையும் கழிக்க முடியாது. மைனிங் சாதனச் செலவை வாங்கிய விலையாகக் கருத முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியாகிவிட்டது. 1,234 செலவழித்து 730 எடுத்தவன் நஷ்டத்துக்கு மேல் வரியும் கட்டணும். விற்கவும் முன்போல வழி இல்லை. பைனான்ஸ் என்ற பெரிய சந்தை 2024 பிப்ரவரியில் மொனேரோவையே எடுத்துவிட்டது. கிரிப்டோ சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-இல் ரத்து செய்தது. தடை இல்லை, லாபம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் யாருக்குத்தான் கட்டும்? மின்சாரம் மிகமிக மலிவாகக் கிடைக்கிறவனுக்குக் கட்டலாம். பக்கத்துப் பூட்டானில் அரசாங்க நிறுவனமே நீர்மின்சாரத்தில் பிட்காயின் தோண்டுகிறது, அது ஏசிக் மிஷினில். அடுத்து, அடுத்தவன் மின்சாரத்தில் அரைக்கிறவனுக்குக் கட்டும். காயின்ஹைவ் என்று ஒன்று 2017 முதல் 2019 மார்ச் வரை இருந்தது. இணையப் பக்கத்தில் அதை ஒளித்து வைத்தால், படிக்க வருகிறவன் கம்ப்யூட்டரே அவனுக்குத் தெரியாமல் மொனேரோ அரைக்கும். 2018-இல் ஆந்திராவில் திருப்பதி மாநகராட்சிப் பக்கம் உட்பட சில அரசு இணையதளங்களில் இப்படி ஒளிந்திருந்ததாகச் செய்தி வந்தது. என்னிடம் "மிஷின் ஸ்லோ" என்று கொண்டுவரும் லேப்டாப்புகளில், திருட்டு சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த மைனரை நானே பலமுறை எடுத்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வேகம் குறைத்துப் பதுங்கும், மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். பலே கில்லாடி.

மாணவத் தம்பிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்று: "கல்லூரி லேப் மிஷினில் போட்டால்?" துணிச்சல்காரர் பெயர் எழுதவில்லை. உரிமையாளர் அனுமதி இல்லாமல் இதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள். மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். முதல்வர் ஐயா சிரிக்கிறார், ஆனால் குறித்துக்கொள்கிறார்.

இன்னொன்று: "எங்க கழனி மோட்டார் கனெக்‌ஷன் இலவசம்தானே?" இலவசம், தண்ணி இறைக்க. வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். சோலார் வைத்தால் என்கிறார் மூன்றாமவர். வைக்கலாம், நல்ல காரியம். ஆனால் நீங்கள் பயன்படுத்தாத யூனிட் வாரியத்துக்குப் போய் உங்கள் பில்லில் கழிகிறது. அதை மைனிங்கில் விட்டால் அந்தக் கழிவு போச்சு.

செல்போனில் தினம் ஒரு பொத்தானை அமுக்கினால் மைனிங் என்கிற ஆப் பற்றியும் ஒரு கேள்வி. போன் பிராசசர் அங்கே எதையும் அரைப்பதில்லை. பேட்டரி சூடாகாததே சாட்சி.

இப்போது என் வயதுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. பசங்களுக்கு ஆயிரம் ரூபாய் மின்சாரத்தோடு போச்சு. நமக்குப் போனது அதற்கு மேல். "மிஷின் எங்களிடம், முதலீடு உங்களிடம், மாதாமாதம் பங்கு" என்று கிளம்பினார்கள் இல்லையா, அதைச் சொல்கிறேன். வடக்கே கெயின்பிட்காயின் என்று ஒன்று, மாதம் 10 சதவீதம், 18 மாதம் என்று வாக்குக் கொடுத்தது. 2018-இல் கைதுகள் நடந்தன, பிறகு சி.பி.ஐ. வரை போனது. நம் பேட்ச் நண்பர் ஒருவர் இதே மாதிரி வேறொன்றில், பெயர் வேண்டாம், ஓய்வுக்காக வைத்திருந்த பணத்தைப் போட்டார். முதல் நான்கு மாதம் ஒழுங்காக வந்தது. அந்த நம்பிக்கையில் நம்மில் மூன்று நான்கு பேரிடம் கைமாற்றும் வாங்கிப் போட்டார். பிறகு ஆப் திறக்கவில்லை. எந்த ஊரிலும் மிஷினே இருந்த மாதிரி தெரியவில்லை.

அவர் இன்று இங்கே வரவில்லை. போன வருடமும் வரவில்லை. பணம் கொடுத்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், எனக்கும் அதில் பங்கு உண்டு. நான் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். "என்னடா மாப்ளே, ரியூனியன் வர்றியா?" என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்றார். முதலாமாண்டில் நமக்கெல்லாம் கால்குலஸ் சொல்லிக் கொடுத்தது அவர்தான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் பாக்கியை நான் எழுதித் தள்ளிவிட்டேன். மற்றவர்கள் அவரவர் இஷ்டம். ஆனால் ஒரு போனாவது போடுங்கள், பணத்தைப் பற்றிப் பேசாமல்.

அவரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டால் ஐந்து நிமிடம். மாதம் பத்து சதவீதம் தருகிற மிஷின் நிஜமாகவே ஒருவனிடம் இருந்தால், வங்கியில் வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தானே ஓட்டிக்கொள்வான். நம்மிடம் ஏன் வருகிறான்?

மொனேரோவுக்கே 2025 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. கியூபிக் என்ற கூட்டத்தார் தனியாகச் சன்மானம் கொடுத்து ஏராளமான பிராசசர்களைத் தம் பக்கம் இழுத்து, சில பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தாங்களே எழுதிக் காட்டினார்கள். கோட்டை விழவில்லை, ஆனால் மதிலில் ஏறிவிட்டார்கள். எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரும் காவல் காக்கும் என்ற அழகான எண்ணத்துக்கு, கூலி கூடக் கொடுத்தால் காவலாளி கட்சி மாறுவான் என்பது ஒரு பெரிய ஓட்டை. இதைக் கணிதத் துறைப் பிள்ளைகள் யாராவது எடுத்து ஆராய்ந்தால் நல்லது, நிஜமான விஷயம் இதில் இருக்கிறது.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கடையிலேயே இருந்தான். மின்சாரக் காசை நான் கேட்கவில்லை. சாவியை மட்டும் ஒரு மாதம் வாங்கி வைத்தேன். அந்த இருபத்து மூன்று நாளில் பையன் லினக்ஸ் கற்றுக்கொண்டிருந்தான், ராம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொண்டிருந்தான். பிராசசர் 95 டிகிரி சூடானால் வேகம் குறைகிறது என்று கண்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதுசு தடவவும் தானே பழகியிருந்தான். என் ஐ3-க்கள் ஐந்தும் அவன் கைபட்ட பிறகு சத்தமில்லாமல் ஓடுகின்றன. "இதையே வெளியில செய்டா" என்றேன். செஞ்சி, அவலூர்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, பள்ளிக்கூடம் என்று போய்த் தூசி தட்டி பேஸ்ட் மாற்றிக் கொடுத்தான். மிஷினுக்கு 250 ரூபாய். முதல் மாதம் பதினெட்டு மிஷின். தங்கை ஹாஸ்டல் பீஸில் ஒரு தவணை அதில் கட்டினான்.

மேடையில் மணி அடித்துவிட்டார்கள். கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், சந்தேகம் உள்ள தம்பிகள் சாப்பாட்டுப் பந்தியில் வந்து பார்க்கலாம். இன்றைய விலை, இன்றைய கட்டணம் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், இயற்பியல் துறையின் மானம் அதில் இருக்கிறது.